வண்டி ஓட்டாதவர்களின் ஊர்

2007 பிப்ரவரி 5ஆம் தேதி காவிரி நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு வந்தது. 12ஆம் தேதி கர்நாடகத்தில் முழு அடைப்பு. அந்த மாதம்தான் நாங்கள் பெங்களூரில் வாடகைக்கு வீடு தேடத் தொடங்கினோம். திருச்சியில் விஷயம் தெரிந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இந்த நேரத்துலயா குடும்பத்தோட அங்க போறீங்க?" 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது பெங்களூரில் தமிழர்கள் பட்டதை அவர்கள் மறக்கவில்லை. அப்போது கடையை இழந்து ஊர் திரும்பிய ஒருவர் எங்கள் தெருவிலேயே இருந்தார். யாரையும் அவர் தடுக்க மாட்டார். "போங்க, ஆனா தனியா ஒதுங்கி இருக்கிற இடத்துல வீடு எடுக்காதீங்க. அக்கம்பக்கம் ஆளுங்க இருக்கிற தெருவா பாருங்க" என்று மட்டும் சொன்னார். வீடு தேடுவது பற்றி எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான யோசனை அதுதான்.

கணவருக்கு கோரமங்களா–இந்திராநகர் இணைப்புச் சாலையில் இருந்த ஒரு மென்பொருள் வளாகத்தில் வேலை. பெங்களூரில் அதை இன்டர்மீடியட் ரிங் ரோடு என்பார்கள். வீட்டில் ஆறு பேர். மாமா பொன்மலை ரயில்வே பணிமனையில் சார்ஜ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தடவை இதயத்துக்கு வைத்தியம் பார்த்தாகிவிட்டது. அத்தைக்கு முழங்கால் வலி. மகள் நாலாம் வகுப்புக்குப் போக வேண்டும், மகன் ஒன்றாம் வகுப்புக்கு. நான் திருச்சியில் பார்த்துக்கொண்டிருந்த நூலக வேலையை விட்டுவிட்டு வருகிறேன்.

பொன்மலையை அறியாதவர்களுக்கு அது எப்படிப்பட்ட இடம் என்று சொல்லியாக வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனையை 1928இல் அங்கே கொண்டுவந்தபோது, தொழிலாளர் குடும்பங்களுக்காகவே போட்ட குடியிருப்பு அது. வேலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் நடந்தே போகலாம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அத்தைக்குத் தெரியாத முகம் குறைவு. பணிமனைச் சங்கு ஊதும் நேரத்தை வைத்து உலை வைத்தவர் அவர். ஓய்வுக்குப் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டாலும், அதே வட்டாரத்தில்தான் வாடகைக்கு இருந்தோம். அப்படிப்பட்ட ஓர் இடத்திலிருந்து இரண்டு வயதானவர்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போவது சின்ன விஷயம் இல்லை என்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

ஆளாளுக்கு ஓர் ஊர் சொன்னார்கள். வைட்ஃபீல்டில் நீச்சல் குளம் வைத்த அடுக்குமாடி வீடு இதே வாடகைக்குக் கிடைக்கும் என்றார் கணவரோடு வேலை பார்த்தவர். எலக்ட்ரானிக் சிட்டிக்கு மேம்பாலச் சாலை வேலை நடக்கிறது, முடிந்ததும் வாடகை ஏறிவிடும், இப்போதே போய்விடுங்கள் என்றார் இன்னொருவர். (அது 2010 ஜனவரியில்தான் திறந்தது.) தேவனஹள்ளியில் புது விமான நிலையம் வரப்போகிறது, ஆகவே ஹெப்பாள், எலஹங்கா பக்கம்தான் எதிர்காலம் என்று தரகர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசினார்கள்.

இவற்றில் எங்களை உண்மையாகவே யோசிக்க வைத்தது ஓசூர். தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது. பிள்ளைகள் தமிழ் படிக்கலாம். ரேஷன் கார்டை மாற்ற வேண்டியதில்லை. வாடகை பாதி. பயமும் இல்லை. எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி வழியாகத் தினமும் வேலைக்குப் போய்வரும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் அங்கே உண்டு. அத்தைக்கு அது பிடித்திருந்தது. நாங்கள் ஒரு வாரநாள் காலையில் ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து கணவரின் அலுவலகம் வரை போய்ப் பார்த்தோம். பொம்மனஹள்ளி தாண்டி சில்க் போர்டு சந்திப்பில் வண்டி நின்றது நின்றதுதான். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர அதற்கும் மேல். பிள்ளைகள் எழுவதற்கு முன் கிளம்பி அவர்கள் தூங்கிய பின் வரும் அப்பாவாக இருக்க அவருக்கு மனமில்லை. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்கவில்லை.

மாமாதான் இதற்கு ஒரு முறை கண்டுபிடித்தார். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை அவர் எறிவதில்லை. அவற்றின் பின்பக்கத்தில் வீட்டில் உள்ள ஆறு பேருக்கும் ஆளுக்கொரு தாள் போட்டு, அவரவர் ஒரு நாளில் எங்கெங்கே போக வேண்டும் என்று எழுதச் சொன்னார். கணவருக்கு ஒரே வரி: அலுவலகம். மகளுக்குப் பள்ளி, விளையாட, சிநேகிதி வீடு. அத்தைக்குக் கோயில், காய்கறி, பூ, பேச ஆள். தனக்கு மருந்துக் கடை, பேப்பர், காலை நடை, அவசரத்துக்கு இதய வைத்தியம் தெரிந்த ஆஸ்பத்திரி. என் தாளில் நான் எழுதியதைவிட அவர் சேர்த்தது அதிகம். மற்றவர்களுக்காக நான் ஓட வேண்டிய ஓட்டம் எல்லாம் அதில் வந்துவிட்டது. எழுதி முடித்ததும் தன் மகனைப் பார்த்துச் சொன்னார்: "வண்டி ஓட்டுறவனுக்கு எந்த இடமும் ஒண்ணுதான்யா. உனக்குத் தூரம்னா பெட்ரோல். அவளுக்கும் உங்கம்மாவுக்கும் தூரம்னா வீட்டுக்குள்ளயே கிடக்கிறது. ஓட்டாதவங்களை வச்சு வீடு எடு."

குடும்பத்தோடு புது நகரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சம்பாதிக்கிறவரின் அலுவலகத்தில் காம்பஸின் முள்ளை ஊன்றி வட்டம் போடுகிறார்கள். அல்லது எந்த இடத்தின் விலை ஏறும் என்று பார்க்கிறார்கள். பகல் முழுவதும் அந்த இடத்தில் இருக்கப்போவது யார் என்று கேட்பதில்லை. பதினாறாவது மாடியில், பேச்சுத் துணையில்லாமல், லிஃப்டுக்குப் பயந்து, மருமகள் திரும்பி வரும் நேரத்துக்குக் காத்திருக்கும் தமிழ்நாட்டு அம்மாக்களைப் பின்னாளில் பெங்களூரில் நான் நிறையச் சந்தித்தேன். சாப்பாட்டுக்கோ வசதிக்கோ குறைவில்லாத வீடுகள்தான் அவை. ஆனால் அரைக் கட்டு கீரை வாங்கக்கூடத் தாங்களாக வெளியே போய்வர அவர்களால் முடியவில்லை. இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனத்துப்போகும்.

ஆறு தாள்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது தொம்மலூர் வந்தது. இந்திராநகருக்குத் தெற்கே, ஏர்போர்ட் ரோட்டை ஒட்டிய பகுதி. கணவரின் அலுவலகத்துக்கு மேம்பாலத்தைத் தாண்டி நடந்தே போகலாம். மணிப்பால் மருத்துவமனை அதே ஏர்போர்ட் ரோட்டில். அல்சூர் ஏரிக்கரையில் 1950இல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் சிறிது நேரப் பேருந்துப் பயணத்தில். கண்டோன்மென்ட் காலத்திலிருந்தே தமிழ்க் குடும்பங்கள் வாழும் அல்சூர், ஜோகுபாளையம், மர்பி டவுன் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. தொம்மலூர் என்ற பெயருக்குள் இரண்டு மூன்று ஊர்கள் அடக்கம். பெங்களூர் வளர்ச்சி ஆணையம் (பி.டி.ஏ.) போட்ட இரண்டாம் ஸ்டேஜில் மரம் நிறைந்த அகலமான தெருக்களும் தனி வீடுகளும் இருந்தன, வாடகை எங்களுக்குக் கட்டாது. கோயிலைச் சுற்றிப் பழைய கிராமத்தின் சந்துகள், ஒன்றன்மேல் ஒன்றாக மாடி எடுத்த வீடுகள். நடுவில் லேஅவுட். அந்த நடுப்பகுதியைத்தான் தேடினோம்.

அத்தையின் முதல் கேள்வி தண்ணீர். பெங்களூரில் வீடு காட்டுகிறவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிடுவார்கள்: காவேரி வாட்டரா, போர்வெல்லா, இரண்டுமா. 2007 ஜனவரியில்தான் சுற்றியிருந்த ஏழு நகராட்சிகளையும் ஒரு பேரூரையும் 110 கிராமங்களையும் மாநகராட்சியோடு சேர்த்திருந்தார்கள். அந்தப் புறநகர்கள் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றையும் டேங்கர் லாரியையும் நம்பித்தான் இருந்தன. தொம்மலூரில் ஒருநாள் விட்டு ஒருநாள் காவிரி வரும், சம்ப்பில் பிடித்து மேலே ஏற்றிக்கொள்ள வேண்டும். திருச்சிக்காரர்களுக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. எங்கள் ஊரில் காவிரி தானாக இறங்கி வருகிறது. பெங்களூரோ கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொரேகாடனஹள்ளியில் சுத்திகரித்து, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, அரை கிலோமீட்டர் உயரம் பம்ப் வைத்து ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். எந்த ஆற்றைப் பற்றிய தீர்ப்பால் ஊரே பயந்துகிடந்ததோ, அந்த ஆற்றின் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துத்தான் அந்த ஊரில் வீடு பிடித்தோம். குழாயைத் திறந்து ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு அத்தை, "நம்ம தண்ணிதான்" என்றார். கன்னடக்கார வீட்டுக்காரம்மாவுக்கும் அது நம்ம தண்ணீர்தான். நடுவர் மன்றம் பெங்களூரின் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகையில் இருக்கிறது என்று கணக்கிட்டு, குடிநீருக்கு மிகக் குறைவாகவே ஒதுக்கியது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, 4.75 டி.எம்.சி.யைக் கூடுதலாகக் கொடுத்தது. தமிழ்நாட்டின் பங்கு குறைந்த தீர்ப்பு அது. டெல்டாவில் நிலம் வைத்திருக்கும் என் சித்தப்பாவின் கோபம் எனக்குப் புரிந்தது. நான் குடிப்பது அந்தத் தண்ணீர் என்பதும் புரிந்தது. இரண்டையும் ஒன்றாகச் சுமக்கத்தான் வேண்டியிருக்கிறது.

வீடு பார்த்த அலைச்சலில் வருத்தமான பகுதி, கேட்கப்பட்ட கேள்விகள். பத்து மாத வாடகை அட்வான்ஸ், பதினோரு மாத ஒப்பந்தம், தரகருக்கு ஒரு மாத வாடகை, காலி செய்யும்போது பெயின்டுக்கு ஒரு மாத வாடகை பிடித்தம். இதெல்லாம் ஊர் வழக்கம், அதில் பேச ஒன்றுமில்லை. "சுத்த சைவமா?" என்பதுதான் ஒவ்வொரு வாசலிலும் முதல் கேள்வி. அடுத்த கேள்வி சுற்றிவளைத்து ஜாதிக்கு வரும். நல்ல வெளிச்சமான ஒரு மாடி வீடு, வீட்டுக்காரர் மரியாதையானவர், "சமைக்கிறது வாசனை வராம பார்த்துக்குங்க, யார் கேட்டாலும் சைவம்னு சொல்லிடுங்க" என்று விட்டுக்கொடுக்கவும் தயார். கணவருக்குச் சம்மதம். அத்தை படியிறங்கிவிட்டார். தெருவுக்கு வந்த பிறகு, "மீன் குழம்பு வச்சிட்டு ஜன்னலை மூடிக்கிட்டு பேரப்பிள்ளைங்ககிட்ட வெளியே சொல்லாதேன்னு சொல்லிக் குடுக்க என்னால முடியாதும்மா" என்றார். அதைவிட நல்ல காரணத்தை எந்த வீட்டை வேண்டாம் என்பதற்கும் நான் கேட்டதில்லை.

எங்களுக்கு வீடு கொடுத்தவர் கன்னடம் பேசும் ஒரு மூதாட்டி. கணவரை இழந்தவர், கீழ்வீட்டில் தனியாக இருந்தார். அவர் கேட்டது வேறு: வீட்டில் பெரியவர்கள் உண்டா, பகலில் ஆள் இருக்குமா, குழந்தைகள் எத்தனை. பகலெல்லாம் பூட்டிக்கிடக்கும் வீட்டின் கீழே இருக்க அவருக்குப் பிடிக்கவில்லை. ஆறு பேர் என்றதும் மற்ற இடங்களில் முகம் சுருங்கியது, இவருக்கு மலர்ந்தது. வாடகை பத்தாயிரம், அட்வான்ஸ் ஒரு லட்சம். மே மாதம் குடிவந்தோம். பிள்ளைகள் அவரை அஜ்ஜி என்றார்கள். அத்தையும் அவரும் முதலில் கையாலும், பிறகு பாதித் தமிழ் பாதிக் கன்னடத்திலும் பேசிக்கொண்டார்கள். சில மாதங்களுக்குள் கீரைக்காரியிடம் அத்தை கன்னடத்தில் பேரம் பேசுவதைக் கேட்டு மாமா அசந்துபோனார். எங்கள் எல்லாரையும்விட முன்னால் கன்னடம் படித்தவர் அத்தைதான். தினமும் தெருவில் இறங்கி நடந்ததால் வந்த மொழி அது.

கோயிலைப் பற்றி இனிச் சொல்கிறேன். சொக்கநாதசுவாமி கோயில் என்ற பெயரைக் கேட்டு மதுரை மாதிரி சிவன் கோயில் என்று நினைத்துத்தான் அத்தை முதல் நாள் விபூதி எடுத்துக்கொண்டு போனார். உள்ளே இருப்பவர் பெருமாள், சொக்கப் பெருமாள். சோழர் காலத்தில் தோன்றியதாகச் சொல்லப்படும் இந்தக் கோயிலின் சுவர்களிலும் நிலைகளிலும் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. மைசூர் அரசின் தொல்லியல் பணியில் இருந்த பி.எல். ரைஸ் இவற்றைப் படியெடுத்து 1905இல் எபிகிராஃபியா கர்நாடிகாவின் ஒன்பதாம் தொகுதியில் வெளியிட்டார். நூலக வேலை பார்த்தவளாதலால் நான் அதைத் தேடிப்பிடித்துப் படித்தேன். 1270இல் அழகியார் என்பவர் கோயிலுக்கு இரண்டு வாசற்கால்கள் செய்து கொடுத்திருக்கிறார். இன்னொரு கல்வெட்டில் ஒருவரும் அவர் மனைவியுமாகச் சேர்ந்து நிலம் விட்டிருக்கிறார்கள். போசள மன்னன் வீர ராமநாதனின் கல்வெட்டும் தமிழில்தான். ஊரின் பெயரைத் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் எழுதியிருக்கிறார்கள். வணிகர்கள் கூடிய ஊராக இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ராமநாதன் பெயரைப் படித்ததும் நான் மாமாவைக் கூப்பிட்டேன். போசளர்கள் கன்னட அரசர்கள். ஆனால் சோமேசுவரன் காலத்தில் அவர்கள் திருச்சிக்குப் பக்கத்தில் கண்ணனூரில் தலைநகர் அமைத்தார்கள். அதுதான் எங்கள் சமயபுரம். மாரியம்மன் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் தாண்டிப்போகும் போஜீஸ்வரன் கோயில் சோமேசுவரன் கட்டியது. 1254 வாக்கில் நாடு இரண்டாகப் பிரிந்தபோது தமிழ்ப் பகுதி ராமநாதனுக்கு வந்தது. பாண்டியர்களிடம் கண்ணனூரை இழந்த பிறகு அவன் வடக்கே ஏறி குந்தாணியில் இருந்துகொண்டு கோலார், பெங்களூர்ப் பக்கத்தை ஆண்டான். தமிழ் நாட்டிலிருந்து மேட்டு நிலத்துக்குக் குடிபெயர்ந்த ஒரு கன்னட ராஜா, அங்கே ஒரு பெருமாள் கோயிலில் தமிழில் கல்வெட்டு வெட்டியிருக்கிறான். இதை வைத்து இது யார் மண் என்று வாதாடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அதே கோயிலில் விஜயநகரத்து இரண்டாம் தேவராயன் காலத்துக் கன்னடக் கல்வெட்டும் இருக்கிறது. வந்தவர்கள், இருந்தவர்கள் எல்லாரும் அங்கே எழுதியிருக்கிறார்கள். மாமா அதன்பிறகு தினமும் காலை நடையில் அந்த வாசற்காலைத் தொட்டுவிட்டுத்தான் வருவார்.

நாங்கள் வந்தபோது தலைக்கு மேல் விமானங்கள் தாழப் பறந்துகொண்டிருந்தன. எச்.ஏ.எல். விமான நிலையம் கிழக்கே கொஞ்ச தூரம்தான். இரைச்சலுக்காகவே பலர் அந்தப் பக்கம் வீடு எடுக்கத் தயங்கினார்கள், எங்களுக்கு வாடகை கட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். மகன் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு வாலைப் பார்த்தே எந்த விமானம் என்று சொல்வான். 2008 மே 24ஆம் தேதி பயணிகள் விமானங்கள் தேவனஹள்ளிக்குப் போய்விட்டன. ஏர்போர்ட் ரோடு பழைய ஏர்போர்ட் ரோடு ஆனது. விமான நிலையத்தை நம்பி எலஹங்காவுக்குப் போகச் சொன்ன தரகர்கள் சொன்னது வெறும் பேச்சு இல்லை, அங்கே விலை ஏறத்தான் செய்தது. ஆனால் எங்கள் ஆறு தாள்களிலும் யாரும் விமான நிலையம் என்று எழுதியிருக்கவில்லை. 2011 அக்டோபரில் பெங்களூரின் முதல் மெட்ரோ எம்.ஜி. ரோட்டிலிருந்து பையப்பனஹள்ளிக்கு ஓடத் தொடங்கியது. இந்திராநகரில் நிலையம் வந்தது, தொம்மலூருக்கு வரவில்லை. அத்தைக்கு அது கடைசிவரை குறைதான்.

பள்ளியில் தமிழ் கிடையாது. மகளுக்குக் கன்னடம் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது, முதல் வருடம் அழுதுகொண்டே படித்தாள். அஜ்ஜிதான் சாயங்காலம் உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். தமிழுக்கு மாமா. வார விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போவார். 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி அல்சூர் ஏரிக்கரையில், 18 வருடம் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலையைக் கருணாநிதி திறந்து வைத்தபோது, எடியூரப்பாவும் மேடையில் இருந்தார். நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. விழாவுக்குப் போகக் கூட்டத்துக்குப் பயந்த மாமா, மறுநாள் காலை பேரன் பேத்தியோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து நாள் முழுக்க அதைப் பற்றியே பேசினார்.

2016 செப்டம்பர் 12. காவிரியில் தண்ணீர் விடச் சொன்ன உச்ச நீதிமன்ற உத்தரவை ஒட்டி பெங்களூர் பற்றி எரிந்தது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளையும் லாரிகளையும் கொளுத்தினார்கள். பிற்பகலில் பேருந்து நின்றது, மெட்ரோ நின்றது. வைட்ஃபீல்டிலும் சர்ஜாபூர் ரோட்டிலும் இருந்த தமிழ்ச் சிநேகிதிகள், பள்ளி பஸ் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் போனில் அழுதார்கள். எங்கள் வீட்டில் மகன் பள்ளியிலிருந்து தெருப் பிள்ளைகளோடு நடந்து வந்துவிட்டான். கணவர் மேம்பாலத்தின் வழியாக நடந்து வந்தார். கல்லூரிக்குப் போயிருந்த மகள் அல்சூரிலிருந்து மர்பி டவுன் சந்துகள் வழியே சிநேகிதி ஒருத்தியோடு நடந்து வந்து சேர்ந்தாள். அஜ்ஜி கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவராக உள்ளே வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசி ஆள் வந்ததும் பூட்டுப் போட்டுவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு எங்கள் எல்லாரையும் கீழே கூப்பிட்டார். கடையை இழந்து திரும்பிய பொன்மலைத் தெருக்காரர் சொன்னதை அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அந்த வீடு இப்போது இல்லை. அஜ்ஜி போன பிறகு அவர் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள், அதில் அடுக்குமாடி வந்துவிட்டது. நாங்கள் இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருக்கிறோம். தொம்மலூரில் சொந்தமாக வாங்க எங்களால் முடியவில்லை. தூரத்தில் வாங்கலாம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் மாமாவின் தாள்கள் வெளியே வந்தன. 2024 கோடையில் டேங்கர் தண்ணீருக்குப் புறநகர் தவித்ததைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு நின்றது. 110 கிராமங்களுக்கான காவிரி ஐந்தாம் கட்டக் குழாய் அந்த வருடம் அக்டோபரில்தான் திறந்தது. மாமா அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

இந்த ஜூனில் என் தங்கை மகன் கோவையிலிருந்து மனைவி, கைக்குழந்தை, மாமியாரோடு இங்கே மாறிவருகிறான். பத்துப் பதினைந்து வீடுகளின் படங்களை போனில் அனுப்பியிருக்கிறான். எல்லாவற்றிலும் சமையலறை அழகாகத்தான் இருக்கிறது. மாமியாரைப் பேசச் சொல் என்று கேட்டு, அவருக்கு ஒரு நாளில் எங்கெங்கே போக வேண்டியிருக்கும் என்று விசாரித்தேன். தன்னை யாரும் இதைக் கேட்கவில்லை என்று தயங்கிவிட்டு, முருகன் கோயில், தையல் சாமான் விற்கும் கடை, காலையில் உட்கார ஒரு பூங்கா என்று சொல்லிக்கொண்டே போனார். எழுதிக்கொண்டேன். அடுத்த வாரம் அவன் வரும்போது படங்களை அப்புறம் பார்ப்போம், முதலில் இந்தத் தாளோடு தெருத்தெருவாக நடப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.